முல்லைக்குக் கால்வாசித் தேர்

கடையெழு வள்ளல்களோடு தமிழ்நாட்டில் வள்ளல் பரம்பரை முடிந்துவிட்டது என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கும் தமிழாசிரியர்கள், பிளஸ் டூ தேர்வு நேரத்தில் ஏதாவது ஒரு நெடுஞ்சாலையில் போய்வர வேண்டும். பிளக்ஸுக்குப் பிளக்ஸ் ஒரு வள்ளல் நின்று சிரிக்கிறார். கோட்டு, சூட்டு, பெயருக்கு முன்னால் ‘வேந்தர்’, அதற்கும் முன்னால் ‘கல்வித் தந்தை’. கீழே கொட்டை எழுத்தில் ‘100 சதவீதம் வரை மெரிட் ஸ்காலர்ஷிப்’. அதில் ‘வரை’ மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் இருக்கும். பாரி இன்று ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் நடத்தியிருந்தால் முல்லைக்குத் தேரில் கால்வாசிதான் கிடைத்திருக்கும். சக்கரத்துக்குத் தனிக் கட்டணம், குதிரைக்கு மெஸ் பில். இரண்டாம் ஆண்டில் முல்லையின் சிஜிபிஏ எட்டரைக்குக் கீழே இறங்கினால், கொடுத்த கால்வாசியையும் கழற்றிக்கொண்டு போயிருப்பான்.

இந்த வள்ளல்கள் சும்மா கொடுக்க மாட்டார்கள். தேர்வு வைத்துத்தான் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்காலர்ஷிப் தேர்வு, ஒரு மணி நேரம், வீட்டிலிருந்தே எழுதலாம், பக்கத்தில் மாமா உட்கார்ந்து விடை சொல்லலாம். இதில் தோற்றவர் என்று ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. அடுத்த நாளே போன் வந்துவிடும்.

“சார், கங்கிராட்ஸ்! உங்க பொண்ணுக்கு 50 பர்சன்ட் ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு சார்.”

“அப்படியா! எத்தனை மார்க்கும்மா எடுத்திருக்கா?”

“அது சிஸ்டம்ல காட்டாது சார். ஆனா இன்னைக்கு நைட்டுக்குள்ள அட்வான்ஸ் கட்டினாத்தான் இந்த ஆஃபர். நாளைக்கு 25 பர்சன்ட்தான்.”

ராத்திரி பன்னிரண்டு மணிக்குள் பாதியாகக் கரையும் தகுதியை உலகத்தில் வேறு எந்தக் கல்விமுறையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் அப்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. ‘என் மக மெரிட்ல வாங்கியிருக்கா’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஏறுகிறது. அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. பரம்பரையில் முதல்முறையாக ஒரு கோட்டுப் போட்ட நிறுவனம் அவர் பிள்ளையைப் பாராட்டியிருக்கிறது. அந்தப் பூரிப்பைத்தான் இவர்கள் முதலில் அடகு பிடிக்கிறார்கள், நகையெல்லாம் அப்புறம்.

விலையை யார் வைத்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மூன்று லட்சம் என்று எழுதியதும் அவர்கள்தான், பாதியை அடித்துவிட்டு ஒன்றரை லட்சம் என்று எழுதியதும் அவர்கள்தான். அந்த மூன்று லட்சத்தை முழுசாகக் கட்டிய ஒருத்தனைக் காட்டச் சொன்னால் அட்மிஷன் மேடம் ஏசியைக் கூட்டிவைப்பார். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்காவது அரசு நியமித்த கட்டணக் குழு உண்டு. அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000 என்று 2017-இல் அந்தக் குழு நிர்ணயித்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கே அப்போது 85,000, 87,000 தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் அலங்கார வளைவைத் தாண்டி அந்தக் குழு உள்ளே போக முடியாது. அங்கே வேந்தர் சொன்னதுதான் விலை, அவர் மனமிரங்கினால் அதுதான் ஸ்காலர்ஷிப்.

ஒரு கணக்குப் போடுவோம். மூன்று லட்சத்தில் பாதி ‘மெரிட்’ கழிந்தால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம், நான்கு ஆண்டுக்கு ஆறு லட்சம். சலுகை இரண்டாம் ஆண்டிலேயே பறிபோனால் பத்தரை லட்சம். அதே பெண் கவுன்சலிங்கில் போய் 55,000 ரூபாய் கல்லூரியில் சேர்ந்தால் நான்கு ஆண்டுக்கு 2,20,000. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணத்தில் ஆண்டுக்கு 25,000 ரூபாயை அரசே ஏற்கிறது, மிச்சம் 1,20,000. ஆக, ‘மெரிட்’ வாங்கிய பெண் வாங்காத பெண்ணைவிட ஐந்து மடங்கு கட்டுகிறாள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது என்பதை அந்தப் போன் மேடம் சொல்லவே மாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

பறிபோவது பற்றிச் சொன்னேன். அது விபத்து இல்லை, அதுதான் திட்டம். சிஜிபிஏ இவ்வளவுக்கு மேல் இருக்க வேண்டும், ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது, வருகைப்பதிவு குறையக் கூடாது. கேள்வித்தாள் தயாரிப்பதும் திருத்துவதும் அவர்களே. நிபந்தனையை எழுதியவனே நீதிபதி, அவனே பணம் வாங்குகிறவன். சலுகையைப் பிடித்துக்கொண்டாலும் அது டியூஷன் கட்டணத்துக்கு மட்டும்தான். ஹாஸ்டல், மெஸ், பஸ், லேப், பிளேஸ்மென்ட் பயிற்சி எல்லாம் முழு விலை. மே மாதச் சென்னையில் போட்டுத் திரிய ஒரு பிளேசர் வேறு.

நிஜமாகவே நூறு சதவீதம் வாங்குகிற சிலர் இருக்கிறார்கள். மாநில அளவில் மார்க் வாங்கியவர்கள். அவர்கள் மாணவர்கள் இல்லை, அடுத்த ஆண்டு பிளக்ஸ். அவர்கள் கட்டாத பணத்தை 25 சதவீதக்காரனின் அப்பா கட்டுகிறார். அண்ணா பல்கலைக்கழகத்தில் குறைந்த கட்டணத்தில் சேர வழியுள்ள பிள்ளைக்கு இலவசம், வேறு வழி தெரியாத பிள்ளைக்குத் தள்ளுபடி. இதற்குப் பெயர் தகுதி!

அரசாங்கம் என்ன செய்கிறது? சட்டம் வைத்திருக்கிறது. நன்கொடை வசூலைத் தடை செய்து தமிழ்நாடு 1992-லேயே சட்டம் போட்டாயிற்று. அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது, விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி 2018-இல் அறிவித்தாயிற்று. ஆனாலும் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே அட்வான்ஸ் வாங்கப்படுகிறது. கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைத்து டிசி கேட்கப் போனால் ‘சேர்மன் ஊரில் இல்லை’ என்கிறார்கள். இந்த நாட்டில் சேர்மன்கள் ஊரில் இருப்பது அட்மிஷன் நாளில் மட்டும்தான். திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட வந்த அமைச்சர்கள் இதையெல்லாம் அறியாதவர்களா? பல கல்லூரிகளில் முதலாளியும் அரசியல்வாதியும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது யார் யாரைத் தட்டிக்கேட்பது?

ஏழைக்கு இருக்கிற உதவியோ விளம்பரமே இல்லாமல் கிடக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2021-இலிருந்து 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு; அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்றால், சுயநிதிக் கல்லூரியிலும் கட்டணத்தை அரசே ஏற்கும் என்பது 2012-இல் வந்த அரசாணை 92. அந்த அரசாணையை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய கல்லூரியைத் தேடிப் பாருங்கள். அரசுப் பணம் வரத் தாமதமானால் அமைச்சரின் ஹால் டிக்கெட்டை யாரும் நிறுத்துவதில்லை, அந்த மாணவனுடையதைத்தான் நிறுத்துகிறார்கள்.

ஐஐடிகளை நான் தூக்கிவைத்துப் பேசுகிறவன் இல்லை. 2016-இல் ஆண்டுக் கட்டணத்தை 90,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சமாக ஏற்றியவர்கள்தான். ஆனால் குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் டியூஷன் கட்டணம் முழுசாகத் தள்ளுபடி, ஐந்து லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி என்று எழுதிவைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே படித்துக்கொள்ளலாம். ராத்திரிக்குள் சொல்லுங்கள் என்று அங்கிருந்து யாரும் போன் செய்வதில்லை.

பாக்கிப் பணத்துக்கு வங்கி இருக்கவே இருக்கிறது, கல்லூரி வளாகத்திலேயே கிளை. ஏழரை லட்சம் வரை ஈடு கேட்க மாட்டார்கள். படித்து முடித்து ஓராண்டு வரை தவணை இல்லை என்பார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது என்பதை மெல்லச் சொல்வார்கள். வள்ளல் முழுசாக வாங்கிக்கொண்டு போய்விடுவார், 22 வயதுப் பெண் கடன்காரியாக வேலை தேடுவாள்.

பெற்றோர்களே, அந்தப் போன் இந்த ஆண்டும் வரும். வந்தால் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: ஹாஸ்டல், பஸ் உட்பட நான்கு ஆண்டுக்கான மொத்தத் தொகை, ஸ்காலர்ஷிப் எந்தெந்தக் காரணத்துக்காக நிற்கும், போன ஆண்டு அதை வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஆண்டும் தொடர்கிறது. தர மாட்டார்கள். கவுன்சலிங் முடிகிறவரை ஒரு ரூபாயும் கட்டாதீர்கள், அசல் சான்றிதழை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.