பிள்ளை யாருக்க சாயல்?

லண்டனில் வாழும் நாகர்கோவில் தம்பதிக்கு, இந்தியாவிலிருந்து தத்தெடுக்கும் பிள்ளை முதலில் முகம் காட்டுவது கணினித் திரையில்தான்: படம், மருத்துவ அறிக்கை, குழந்தை பற்றிய ஆய்வறிக்கை.

பிள்ளை வீடு வந்து சேர்ந்த பிறகும் விடமாட்டார்கள். முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கொரு முறை, மறு ஆண்டு ஆறு மாதத்துக்கொரு முறை, பிள்ளையின் நலம் பற்றி டெல்லியிலுள்ள 'காரா' என்ற தத்தெடுப்பு ஆணையத்துக்கு அறிக்கை போயாக வேண்டும். பெற்றெடுத்தவர்களிடம் இப்படி யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்களோ!

அறிக்கையைவிடப் பெரிய சோதனை வீடியோ அழைப்பில் வரும். சுசீந்திரத்து ஆச்சி கேட்பாள்: "மக்களே, பிள்ளை யாருக்க சாயல்?"

மருமக்கள் வழியில், மகன் இருக்க, சகோதரியின் மகனான மருமகனுக்குச் சொத்துப் போன நாஞ்சில் நாடு இது. கவிமணி அதைக் கேலிசெய்து மான்மியமே பாடினார். பெற்ற பிள்ளையே பின்வரிசையில் நின்ற ஊரில், பெறாத பிள்ளைக்குச் சாயல் தேடுகிறார்கள்.

2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, தத்துப்பிள்ளைக்குப் பெற்ற பிள்ளையின் உரிமைகள் எல்லாம் உண்டு. சாயலைப் பற்றி அதில் ஒரு பிரிவும் இல்லை.