இளம் பைனுக்கு முதுமை பூட்டும் சாஸ்திரம்

ஜீவராசிகளுள் முதுமையைக் கண்டு அஞ்சி ஒளிவதில் மனிதனுக்கு நிகர் எவருமில்லை என்பதும், நரையை மையால் மறைத்தும், பிறந்த வருஷத்தைக் கேட்டால் பேச்சை மழையின்மீது திருப்பியும் அவன் காலந்தள்ளுகிறான் என்பதும் பிரத்தியட்சம். அதே மனிதன், ஜப்பான் தேசத்திலே, சட்டியில் வளரும் பைன் கன்றின் திறத்தில் மட்டும் இந்நியதியைத் தலைகீழாக்கி, பத்து வயதுச் செடியை நூறு வயதுக் கிழமாக்கிக் காட்ட அல்லும் பகலும் பாடுபடுகிறான். போன்சாய்க் கலையின் பரம பிரயோஜனம் முதுமையின் உற்பத்தியே என்பது இவ்வாராய்ச்சியின் பிரதிக்ஞை.

மரத்தைக் குட்டையாக்குவதே அக்கலையின் நோக்கம் என்பது பூர்வபட்சம். அது நில்லாது. குட்டையே குறியாயின், முளைத்த அன்றே எந்தக் கன்றும் குட்டைதான். அன்றே பூர்த்தியாகிவிட்ட காரியத்துக்கு முப்பது வருஷம் உழைப்பானேன்?

சாதனங்கள் ஐந்து. முதலாவது வேர். விதை முளைத்த இரண்டொரு மாதத்தில் கன்றின் தண்டை வேரற அறுத்து மீண்டும் மணலில் ஊன்றுகிறார்கள். புதிதாக எழும் வேர்கள் நாற்புறமும் ஒப்பப் பரவி, பிற்காலத்தில் கிழவரின் புறங்கை நரம்புபோல் மண்மேல் புடைக்கின்றன. இரண்டாவது அடிமரம். ஒரு கிளையை மட்டும் தடையின்றி ஓங்கவிட்டு, அதனால் அடி பருத்தபின் அந்தக் கிளையையே வெட்டிவிடுகிறார்கள். உழைத்துக் குடும்பத்தைத் தூக்கிவிட்ட மூத்த பிள்ளைக்கு நேரும் கதியும் ஏறக்குறைய இதுவே. மூன்றாவது கிளை. இளமரத்தின் கிளைகள் மேல்நோக்கும்; பனிச்சுமை பல கண்ட மரத்தின் கிளைகள் தாழும்; ஆகவே செம்புக் கம்பி சுற்றிக் கிளைகளைத் தாழ்த்துகிறார்கள். கம்பி பட்டையில் பதியுமுன் அவிழ்க்க மறந்தால் முதுமைக்குப் பதில் தழும்பே லாபம். நான்காவது இலை. வசந்தத்தில் மெழுகுவர்த்திபோல் நிமிரும் தளிர்களைக் கோடைத் தொடக்கத்தில் நறுக்கிவிட, எஞ்சிய சிறு பருவத்துக்குள் அவசரமாகத் துளிர்க்கும் இரண்டாம் தளிரின் ஊசிகள் குறுகியே நிற்கும். இவ்விதி இரட்டை ஊசிக் கரும்பைன் போன்றவற்றுக்கே உரியது. ஐந்தூசி வெண்பைனுக்கு இதனைப் பிரயோகித்தல் அபசாரம். ஐந்தாவது மரணம். சிலர் ஒரு கிளையின் பட்டையை உரித்துக் கொன்று, சுண்ணாம்பும் கந்தகமும் கலந்த கரைசலைப் பூசி வெளுக்கச் செய்கிறார்கள். தன் வெள்ளையைக் கருப்பாக்கும் கையே மரத்தின் நிறத்தை வெள்ளையாக்குகிறது என்னும் இவ்வொரு பிரமாணமே நம் கொள்கையை நாட்டப் போதும்.

இது வஞ்சனை அன்றோ என்பது ஆட்சேபம். அன்று என்பதே சமாதானம். எவ்வாறெனில், நீர் ஊற்றக் கற்கவே மூன்று வருஷமாகும் என்பது அத்தொழிலாளர் வழக்கு. வேர் பரவி, அடி பருத்து, பட்டை வெடித்துக் கன்று கிழமாகத் தோன்றும் நாளில், வளர்த்தவர் மெய்யாகவே கிழவராகியிருப்பார். மரத்துக்குக் கடனாகக் கொடுத்த முதுமை வட்டியோடு திரும்பிவிடுகிறது. 1923-ஆம் வருஷத்துப் பூகம்பத்துக்குப்பின் தோக்கியோ நகரை விட்டு நீங்கிய போன்சாய்க்காரர்கள் 1925-இல் ஓமியாவில் ஒரு கிராமம் அமைத்து, அங்கு குடியேறுவோர் வீடுதோறும் பத்து மரங்களுக்குக் குறையாமல் வைத்திருக்கவேண்டும் என்று விதித்தனர். மனிதக் கிழவர் ஒருவரை வைத்துக் காப்பதற்கே முகஞ்சுளிக்கும் இல்லங்கள் மலிந்த உலகத்தில், வீட்டுக்குப் பத்துக் கிழங்கள் என்று சட்டம் செய்த ஊர் அது ஒன்றேயாகலாம்.

இனி சித்தாந்தம்: பூட்டிய முதுமைக்கே கம்பியும் சுண்ணாம்பும் வேண்டும், மெய்யான முதுமை தன்னைச் சொல்லிக்கொள்வதில்லை. 1625 முதல் சட்டியில் வளர்ந்துவரும் வெண்பைன் ஒன்றை, மாசாரு யாமாகி என்பவர் 1976-இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அது வாஷிங்டன் நகரத்துத் தேசிய மரத்தோட்டத்தில் வைக்கப்பட்டது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில், குண்டு விழுந்த இடத்துக்குச் சுமார் இரண்டு மைல் தொலைவில், அவர் வீட்டு மதிலின் மறைவில் நின்று அது பிழைத்த மரம் என்பது, 2001-இல் அவருடைய பேரன்மார் அதைப் பார்க்க வந்து சொல்லும்வரை, இருபத்தைந்து வருஷம் அதற்கு நீர் ஊற்றிய காப்பாளர்களுக்குத் தெரியாது.