மவுண்ட்டை முதலில் வாங்கு

ஹாலி வால்நட்சத்திரம் வந்த 1986இல், வானத்தைப் படமெடுக்க ஆசைப்பட்ட எங்களுக்குக் கடையில் தேர்ந்தெடுக்க அதிகம் இல்லை. இரண்டு கண்ணாடி வட்டுகளுக்கு நடுவே கார்போரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு வாரக்கணக்கில் தேய்த்து, ஆறு அங்குலக் குழியாடியை நாங்களே செய்துகொண்டோம். மங்கிய ஒளியில் நேரம் போகப் போக ஃபிலிமின் உணர்திறன் குறையும் என்பதால் ஷட்டரை வெகுநேரம் திறந்து வைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் ஒருவர் துணைத் தொலைநோக்கியில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பிகளின் நடுவில் நிறுத்தித் திருகைத் திருப்பிக்கொண்டே இருப்பார். ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. பூமி சுழல்வதால் நட்சத்திரம் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. கை ஓய்ந்தால் புள்ளி கோடாகிவிடும்.

இன்று அந்தக் கையின் வேலையைச் சின்னதொரு கேமராவும் மோட்டாரும் செய்கின்றன. தேர்வுதான் மலைக்க வைக்கிறது. "மாமா, எட்டு இன்ச் வாங்கட்டுமா?" என்று தங்கை மகள் கேட்டாள். கண்ணால் பார்க்க என்றால் உடனே சரி என்றிருப்பேன். அவள் கேட்டது படமெடுக்க.

எட்டு இன்ச் ஷ்மிட்-காசிகிரேன் தொலைநோக்கியின் குவியத்தொலைவு சுமார் 2,000 மி.மீ. ஏபிஎஸ்-சி சென்சாரில் அதன் பார்வை அகலம் முக்கால் பாகைகூட வராது. ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலமோ மூன்று பாகை நீளம். 3.76 மைக்ரான் பிக்சல் ஒன்றுக்கு 0.4 விகலைதான் விழும். காற்றின் அலைவு நட்சத்திரத்தையே இரண்டு, மூன்று விகலைக்குப் பரப்பிவிடுவதால் அந்த நுணுக்கம் பயன்படாது. தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு திருப்பும் மவுண்ட்டின் சிறு பிசகு மட்டும் பெரிதாகத் தெரியும். 400 மி.மீ. அபோக்ரோமாட் லென்ஸ் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடா முழுதாக அடங்கும். எஃப்/10க்குப் பதில் எஃப்/5 என்றால் நெபுலாவுக்குக் கால்வாசி நேரம் போதும்.

மவுண்ட்டை நம் ஊருக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அதன் அச்சைத் துருவத்தை நோக்கி வைக்க வேண்டும்; துருவ நட்சத்திரமோ சென்னையில் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரம், கன்னியாகுமரியில் எட்டுதான். கட்டடமும் தூசும் எளிதில் மறைத்துவிடும். இவ்வளவு தாழ்வாகச் சாய்க்கும்போது சில மவுண்ட்களில் எதிரெடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். துருவத்தைப் பார்க்காமலே திசை சரிசெய்யும் மென்பொருள் இப்போது இருப்பது பெரிய வரம். பட்டியலில் போட்டிருக்கும் தாங்கு எடையில் பாதிக்கு மேல் ஏற்றாமல் இருப்பது நல்லது.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதில் பெரிய லாபமும் உண்டு. வட வானத்தோடு ஒமேகா சென்டாரியும் கரினா நெபுலாவும் நமக்குக் கிடைக்கின்றன. வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1986இல் அங்கே செயல்பாட்டுக்கு வந்த 2.34 மீட்டர் தொலைநோக்கியும் பூமியின் சுழற்சியை ஈடுகட்டியே தீர வேண்டும்.

அவளிடம் சொன்னது இதுதான்: கையிலிருக்கும் பணத்தில் பாதிக்கு மேல் மவுண்ட்டுக்குப் போகட்டும். இப்போதைக்கு உன் கேமரா லென்ஸையே அதில் பொருத்து. தொலைநோக்கிக் குழாயை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம்.