பழைய ஜோக்கும் புதிய சிரிப்பும்: பதவி உயர்வு குறித்த ஓர் ஆய்வு

அரசு அலுவலகத்தில் பதவி உயர்வு எதனால் கிடைக்கிறது என்ற கேள்விக்குத் திறமை, பணிமூப்பு, ஜாதகம் என மூன்று விடைகள் புழக்கத்தில் உள்ளன. இவ்வாய்வு நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறது: மேலதிகாரி ஏழாவது தடவையாகச் சொல்லும் ஜோக்குக்கு, முதல் தடவை கேட்பதுபோல் சிரிப்பது. ஒழுங்காக வேலை பார்த்தால் போதாதா என்பார்கள். கோப்பின் இயல்பு அறியாதவர் பேச்சு இது. முடித்த கோப்பு மேசையை விட்டுப் போய்விடும். முடிக்காத கோப்புதான் கண்ணெதிரே அடுக்கடுக்காகக் கிடந்து, 'பாவம், மனிதர் எவ்வளவு உழைக்கிறார்' என்று சாட்சி சொல்லும். தவிர, ஆண்டு முழுக்க நடந்ததை ஆண்டு முடிவில் ஒருவர் உட்கார்ந்து எழுதும்போது, கோப்பு எண்ணா ஞாபகத்துக்கு வரும், சிரித்த முகமா?

அப்படி எழுதும் ஒற்றைச் சொல்லின் எடையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. எல்லைச் சாலைப் பணியிலிருந்த பொறியாளர் ஒருவருக்கு ரகசியக் குறிப்பில் ஓராண்டு 'நன்று' என்று விழுந்தது. பதவி உயர்வுக்கு வேண்டியதோ 'மிக நன்று'. பாராட்டே காலை வாரியது, அதுவும் அவருக்குத் தெரியாமல். தேவ் தத் என்ற அந்தப் பொறியாளரின் வழக்கில்தான், எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மத்திய அரசு ரகசியத்தைக் கைவிட்டு 1 முதல் 10 வரை எண் போடும் முறைக்கு வந்தது. இனிச் சிரிப்புக்கு வேலையில்லையே என்று கேட்கலாம். எதிரே நிற்பவரிடம் காட்டியாக வேண்டும் என்றால் 4 போட யாருக்கு மனம் வரும்? எல்லாருக்கும் 9 என்றானபின், எண்ணுக்கு வெளியேதான் வித்தியாசம் தேட வேண்டியிருக்கிறது.

எல்லாரும் சிரித்தால் யாருக்கு லாபம் என்பது கனமான ஆட்சேபம். இச்சகம் பற்றி 1964இல் தனிநூலே எழுதிய அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ஜோன்ஸும் இந்தச் சிக்கலைக் கண்டார்: தயவு யாருக்கு அதிகம் தேவையோ, அவர் புகழ்ச்சிதான் எளிதில் சந்தேகத்துக்கு ஆளாகிறது. ஆகவே நேரக்கணக்கு முக்கியம். ஜோக் முடியுமுன் சிரிப்பவர் மாட்டிக்கொள்கிறார். பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிட்டுச் சிரிப்பவருக்குப் புரியவில்லை என்று பொருள். வள்ளுவர் 70ஆம் அதிகாரத்தை அரசரிடம் பழகும் விதத்துக்கென்றே ஒதுக்கி, குளிர்காய்பவர் நெருப்பிடம் விடும் இடைவெளியைப் பரிந்துரைக்கிறார். அரசர் முன்னிலையில் பக்கத்திலிருப்பவர் காதில் குசுகுசுத்துச் சிரிப்பதை அதே அதிகாரத்தில் தடுக்கவும் செய்கிறார். அரசரே ஜோக் சொன்னால் என்ன செய்வதென்று அவர் சொல்லவில்லை. தடை இல்லை என்றே இவ்வாய்வு கொள்கிறது.

பொய்ச் சிரிப்பென்று மேலதிகாரிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தலைமையகத்திலிருந்து அவருடைய அதிகாரி போனில் ஜோக் சொல்லும்போது, பார்க்க ஆளில்லாத அறையிலும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் சிரிக்கிறார்.