அணையாத கரி, எரியாத கரி

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சென்ட்ரேலியா என்றொரு ஊர். அதன் அடியிலுள்ள நிலக்கரிச் சுரங்கம் 1962-ல் பற்றிக்கொண்டது. என்னென்னவோ செய்து பார்த்தும் இன்றுவரை அணையவில்லை. அதே வட்டாரத்து ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரியைக் காசு கொடுத்து வாங்கி, சுவர்க் கணப்புக்குள் இரும்படுப்பைச் செருகி, புகைபோக்கிக்குள் எஃகுக் குழாய் இறக்கி உட்காருகிறவர் வீட்டில் மட்டும் விடிவதற்குள் அணைந்துவிடுகிறது.

தலைதீபாவளி மாப்பிள்ளை மாதிரி இந்தக் கரிக்கு முறுக்கு அதிகம். முதலில் விறகை எரித்து உபசரிக்க வேண்டும். காற்று கீழிருந்துதான் வர வேண்டும். மேலே கிளறினால் கோபித்துக்கொள்ளும். அடித்தட்டியை ஆட்டித்தான் சாம்பலை உதிர்க்க வேண்டும், காலையும் மாலையும். (1808-ல் வில்க்ஸ்-பாரி ஊரில் ஜெஸ்ஸி ஃபெல் திறந்த இரும்புத் தட்டியில் எரித்துக் காட்டும்வரை, வீட்டுக்கு உதவாத கல் என்றே பலர் இதை ஒதுக்கினார்கள். பாதி சரிதான்.) கோடையிலாவது ஓய்வா? கந்தகச் சாம்பல் ஈரத்தோடு சேர்ந்து குழாயை அரிக்கும். சுத்தம் செய்தாக வேண்டும்.

வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்ச் செலவு மிச்சம் என்பார்கள். சாம்பல் வாளி தூக்கும் கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எதற்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டிவிட்டுத் தூங்குங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.