பில் புத்தகம் அடித்த சுல்தான்

மதுரையை டில்லிக்காரர்கள் பிடித்த கதையைக் கடைசிவரை படித்துவிட்டுத் தொழிலில் இறங்கியிருந்தால் இவ்வளவு அசடு வழிந்திருக்க மாட்டேன். பாதியிலேயே எனக்கு வீரம் வந்துவிட்டது.

படித்த பாதி இது. 1323 வாக்கில், துருக்கிய வழிவந்த துக்ளக்குகளின் படை, மாபார் என்று அவர்கள் சொன்ன நம் பக்கத்தை டில்லியின் மாகாணமாக்கியது. அங்கே ஆளுநராக இருந்த ஜலாலுதீன் அஹ்சன்கான் 1335 வாக்கில் டில்லியைக் கைகழுவிவிட்டுத் தன் பெயரிலேயே நாணயம் அடித்தார். அடக்கப் புறப்பட்ட டில்லி சுல்தான் முகமது பின் துக்ளக்கின் படையை வாரங்கலில் கொள்ளைநோய் வாரிக்கொள்ள, அவர் பாதி வழியோடு திரும்பிவிட்டார். அட, இவ்வளவுதானா!

நாரணாபுரத்தில் நானும் அப்படியொரு மாகாணம்தான். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் தாள் அனுப்புவார். காலண்டருக்கு டின் அடித்துக் கொடுப்பது என் வேலை. கூலியில் வேஸ்டேஜ் என்று கொஞ்சம் பிடித்துக்கொள்வார். அதுதான் கப்பம். ஊரே காலண்டர் ஆல்பம் போடுகிற ஓர் ஆடிப்பெருக்கில் நானும் சுதந்திரம் அறிவித்தேன். அஹ்சன்கான் நாணயம் அடித்தார், நான் பில் புத்தகம் அடித்தேன். மேலே கர்ஜிக்கும் சிங்கம், கீழே புரொப்ரைட்டர் என்று என் பெயர். ஆர்டர் வருமுன்பே பீரோ நிறைந்துவிட்டது.

வந்தது மச்சினனின் இரும்புக்கடை ஆர்டர். சொந்த ராஜ்ஜிய மிதப்பில் டின்னைத் தலைமாற்றி அடித்துவிட்டேன். ஆணியில் மாட்டினால் திருச்செந்தூர் முருகன் சிரசாசனம் செய்கிறார். "அத்தான், இத நாங்க நேரா நின்னு பாக்கணுமா, தலகீழா நின்னு பாக்கணுமா?" என்றான் மச்சினன். தாள் கடையிலோ, "அண்ணாச்சி முகத்துக்காகத்தான இத்தன நாள் கடன் குடுத்தோம்" என்றார்கள்.

மீதிக் கதையை அப்புறம்தான் படித்தேன். அஹ்சன்கானைச் சில வருஷத்தில் சொந்த ஆட்களே கொன்றார்கள். அடுத்தவர் போரில் ஜெயித்த கையோடு தலைக்கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடிக்கும்போது, எங்கிருந்தோ வந்த அம்பில் போனார். அவருக்கு அடுத்தவர் தாங்கியது 40 நாள். இதையெல்லாம் எழுதிவைத்த பயணி இபின் பதூதா, அஹ்சன்கானின் மாப்பிள்ளை. மாமனார் வீட்டுக் கதையை மாப்பிள்ளை எழுதினால் வேறெப்படி இருக்கும்! 1378-ல் விஜயநகரம் மொத்தக் கணக்கையும் முடித்துவிட்டது.

கெட்டிக்காரர்களும் இருந்திருக்கிறார்கள். இன்றைய துப்ரோவ்னிக்கான ரகூசா, உஸ்மானிய சுல்தானுக்கு வருஷாவருஷம் 12,500 தங்கக் காசு கட்டிவிட்டு, அவர் சாம்ராஜ்ஜியம் முழுக்க வியாபாரம் பார்த்துக் கொழுத்தது. 1808-ல் நெப்போலியன் ஆட்கள் கலைக்கும்வரை குடியரசு என்ற கௌரவத்துக்கும் குறைவில்லை.

அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். "வாப்பா, டீ குடிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் புது ரேட்டைச் சொன்னார். பழையதைவிடக் குறைவு. தலையாட்டிவிட்டு, வீறாப்பு முழுசாகப் போகாததால், முதல் லோடுக்கு என் பில்லையே கிழித்து நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"சிங்கம் நல்லாத்தான் இருக்கு. டின்ன எந்தப் பக்கம் அடிக்கணும்னு ஞாபகம் இருக்குல்ல?"