காம்பாரில் ஒரு குளிர்காலம்

மலேசியாவில் குளிர்காலம் கிடையாது என்று பூகோளப் புத்தகத்தில் எழுதியவர்கள், ஐப்பசி மாதத்து விடியற்காலையில் காம்பாரில் குழாயைத் திறந்து அதன் கீழே தலையை நீட்டிப் பார்த்தவர்கள் அல்லர் என்பது என் திடமான அபிப்பிராயம். ஊருக்குக் கிழக்கே நிற்கும் புஜாங் மலாக்கா மலையில் சாயங்காலம் கட்டிய மேகம் இராத்திரி முழுவதும் கொட்டித் தீர்த்துவிட்டுப் போன பிறகு, குளியலறைத் தரை சில்லிட்டுக் கிடக்கும் அந்த நேரத்தில் வெப்பமானி 23 டிகிரி காட்டும். 23 டிகிரியைக் கண்டால் ஐரோப்பியர்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்தரையில் படுத்துக்கொள்வார்கள் என்பதை நான் அறியாதவனல்லன். ஆனால் குளிர் என்பது பாதரசத்தின் சொந்த விவகாரமன்று. நேற்று மத்தியானம் 33 டிகிரியில் வியர்த்துக்கொண்டிருந்த தேகத்துக்கு இன்று காலையில் என்ன நேர்கிறது என்பதைப் பொறுத்த விஷயம். 2018 ஜனவரியில் தீபகற்பத்தில் சில நாட்கள் சேர்ந்தாற்போல் வெயிலே காணாமல் குளிர்ந்தபோது, அரைக்கை ஸ்வெட்டரையும் மப்ளரையும் அணிந்துகொண்டு பசியாற வந்த பெரிய மனிதர்களை எங்கள் கடைத்தெருவில் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை, பார்த்தவர்கள் எல்லாரும் தாங்களும் எடுத்து வந்திருக்கலாமே என்றுதான் வருத்தப்பட்டார்கள்.

அந்த ஸ்வெட்டர்கள் கேமரன் மலைக்காக வாங்கப்பட்டவை. பக்கத்தூரான தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து சுமார் 60 கிலோமீட்டர் ஏறினால் தானா ராத்தா வந்துவிடும். 1978 பிப்ரவரி முதல் தேதி 7.8 டிகிரி வரை இறங்கி இந்த நாட்டின் சரித்திரத்திலேயே இடம்பிடித்த மலை அது. வெள்ளைக்காரத் துரைமார்கள் அங்கே பங்களா கட்டியபோது, தங்கள் தேசத்து வழக்கத்தை விடாமல் ஹாலில் கணப்படுப்பும் கூரையில் புகைபோக்கியும் வைத்துக்கொண்டார்கள். 1937-இல் எழுந்த ஸ்மோக் ஹவுஸ் ஹோட்டலில் அந்தக் கணப்பை இன்றும் காணலாம். மலையடிவாரத்துப் பிரஜைகளான எங்களுக்கு அப்படிப்பட்ட பாக்கியம் எதுவும் சித்திக்கவில்லை. வீட்டை உஷ்ணப்படுத்தும் ஏற்பாடு என்று எங்களிடம் உள்ளதெல்லாம், குளியலறைச் சுவரில் சிவப்பு விளக்கெரியக் கோயில் மூலவரைப் போல வீற்றிருந்து, நாம் தலைகுனிந்து நிற்கையில் அனுக்கிரகம் செய்கிற வாட்டர் ஹீட்டர் ஒன்றுதான்.

அதன் அனுக்கிரகத்தைக் கணக்கிட்டுப் பார்த்திருக்கிறேன். சாதாரணமான 3.6 கிலோவாட் பெட்டி, நிமிஷத்துக்கு 3 லிட்டர் தண்ணீரைத் தன்னூடே ஓடவிட்டு, அதன் உஷ்ணத்தைச் சுமார் 17 டிகிரி உயர்த்திக் கொடுக்கும். நம் குழாயில் 26 டிகிரியில் வருகிற தண்ணீர் அதனால் 43 டிகிரிக்குப் போய்விடுகிறது, குளிக்கிறவருக்குப் பரமானந்தம். இதே பெட்டியை மார்கழிமாத இங்கிலாந்துக்கு அனுப்பினால், 5 டிகிரித் தண்ணீரை அது 22 டிகிரிக்குத்தான் கொண்டுவரும். அதாவது அங்கே அது படாதபாடுபட்டு உண்டாக்கும் வெந்நீர், இங்கே நாம் பச்சைத்தண்ணி என்று பயந்து ஓடுகிற தண்ணீரைவிடக் குளிர்ந்ததாக இருக்கும். அதனால்தான் அந்தத் தேசத்துக் குளியலறைகளில் எட்டு, பத்து கிலோவாட் பெட்டிகளாக மாட்டிவைக்கிறார்கள்.

இங்கிலாந்தைப் பற்றி எனக்கு இவ்வளவு ஞானம் ஏற்பட்டதற்குக் காரணம் அங்கே படிக்கப்போன என் தங்கை மகன். நூறு வருஷத்தில் காணாத குளிர் என்று அவர்களே ஒப்புக்கொண்ட 2010 டிசம்பரில், அவனும் நண்பர்களும் குடியிருந்த வீட்டில் பாய்லர் நின்றுவிட்டது. எல்லாக் கம்பளிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டு தொலைபேசியில் பேசினான். அந்த நாட்டில் 2005-க்குப் பிறகு வைக்கிற பாய்லர்கள், புகையோடு போகிற நீராவியையும் விடாமல் பிடித்துக் குளிரவைத்து அதிலுள்ள உஷ்ணத்தையும் கறந்துகொள்கிற சிக்கன ஜாதியைச் சேர்ந்தவையாம். அப்படிக் குளிர்ந்த நீர் சொட்டுச் சொட்டாக வெளியேறுவதற்குச் சுவருக்கு வெளியே ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய் உண்டாம். கடும்பனியில் அந்தச் சொட்டு நீர் உறைந்து குழாயை அடைத்துக்கொண்டால் பாய்லர் தற்காப்புக்காகத் தானே அணைந்துவிடுமாம். வீட்டார் சூட்டுக்காக ஏங்கித் தவிக்கிற நாளாகப் பார்த்து நின்றுபோகும்படி ஓர் இயந்திரத்தை அமைத்த மேதையை நான் மனத்துக்குள் வியந்துகொண்டிருந்தபோது, பக்கத்திலிருந்த என் அத்தை தொலைபேசியைப் பிடுங்கினாள்.

"ஏன்யா, அடைச்சுக்கிச்சுன்னா கொஞ்சம் வெந்நிய ஊத்த வேண்டியதுதானே? ரொம்பக் கொதிக்க வச்சு ஊத்தாதே, வெடிச்சுப் போயிரும்."

பாய்லர்க் கம்பெனிக்காரர்கள் தங்கள் புஸ்தகத்தில் அச்சிட்டிருப்பதும் ஏறக்குறைய இதுவேதான் என்று மறுநாள் அவன் தெரிவித்தான். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, பெரட்டு என்கிற விடியற்காலை ஆள்கணக்குக்குப் போகுமுன் அடுப்பு மூட்டியே வளர்ந்த அத்தை, அன்று முதல் வெந்நீர் சம்பந்தமான சகல விஷயங்களிலும் சர்வதேச நிபுணராகிவிட்டாள்.

எங்கள் ஹீட்டர் பழுதானது தீபாவளிக்கு முதல்நாள் மத்தியானம். பழுதென்றால், வெடித்தோ புகைந்தோ தன் குறையை அது வெளியிடவில்லை; விளக்கு வழக்கம்போல் எரிந்தது, தண்ணீர் பச்சையாக வந்தது. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வந்து பார்த்து, மின்சாரம் கசிந்தால் மனிதனுக்கு ஆபத்து வருமுன் சுவிட்சு விழுந்துவிட வேண்டும், ஈரமான இடத்துக்கு 10 மில்லியாம்பியர்தான் எல்லை என்பதைத் தெளிவாக விளக்கி, சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டினார். சுவிட்சு மிக அழகாக விழுந்தது. மறுபடி ஏற்றினோம். தண்ணீர் மறுபடியும் பச்சையாக வந்தது. நாம் உயிருக்கு எந்த அபாயமும் இல்லாமல் குளிரில் நடுங்கலாம் என்பது நிரூபணமானதில் ஆசிரியருக்குப் பூரண திருப்தி.

வயர்மேனைக் கூப்பிட்டேன். ஈயச் சுரங்கங்கள் ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்த எங்கள் ஊரில், 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் வளாகம் திறந்தது முதல், மாணவர்களுக்கு வாடகைக்கு விடுகிற வீடுகளில் குளியலறைக்கொரு ஹீட்டர் தொங்குகிறபடியால், வயர்மேன்களைப் பிடிப்பது மந்திரிகளைப் பிடிப்பதைவிடக் கஷ்டமாகிவிட்டது. "எசோக் தாக் பூலே லா, அண்ணே! லூசா டத்தாங்" என்று, நாளை முடியாது, மறுநாள் வருகிறேன் என்பதை அந்தச் சீனர் மிகுந்த அன்போடு சொல்லிவிட்டுத் தீபாவளி வாழ்த்தும் கூறினார்.

எண்ணெய் ஸ்நானமோ சூரியோதயத்துக்கு முன் நடந்தாக வேண்டும். கெட்டிலில் காய்ச்சிக் கலந்துகொள்ளலாம் என்று என் மனைவி பிரஸ்தாபித்தாள். ஒன்பது பேருக்குக் கெட்டிலா என்று அத்தை அதைத் தள்ளுபடி செய்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். தோட்டத்திலிருந்து வீடு மாறிய நாளில் எறியக்கூடாதென்று சத்தியாக்கிரகம் செய்து அவள் காப்பாற்றிய பழைய மண்ணெண்ணெய் டின், வாயில் மரக்கட்டை குறுக்கே அடித்தபடி, அங்கே இருந்தது. அடி கறுத்து, ஒரு மூலை நசுங்கி, ஆனால் ஒரு சொட்டு ஒழுகாது. காரைத் தெருவில் நிறுத்தச் செய்து, போர்ச்சில் செங்கல் அடுக்கி, விடியுமுன் மூன்று மணிக்கு அடுப்புக் கூட்டினாள்.

விறகுதான் தகராறு. ரப்பர் விறகு ஈரமாயிருந்தாலும் பிடித்துக்கொள்ளும் என்பது அவளுடைய சித்தாந்தம். ஆனால் அவள் பால்வெட்டிய தோட்டம் முழுவதும் இப்போது செம்பனை. புது வீடு கட்டுகிற இடத்திலிருந்து நான் கொண்டுவந்த பலகைகள் சிமெண்டையும் மழையையும் சமபாகமாகக் குடித்திருந்தன. "ஒட்டுப்பால் ஒரு துண்டு இருந்தா இந்நேரம் எரிஞ்சிருக்கும்" என்று அவள் பெருமூச்சு விட்டாள். மங்கில் உறைந்துபோன ரப்பர் பால் அது. லயத்தில் எல்லா அடுப்பையும் அதுதான் கொளுத்தும். கடைசியில், வாசலில் கிடந்த ஜப்பான் சிலிப்பரில் ஒன்றை எடுத்துக் கத்தியால் கீறி அடியில் சொருகினாள். அது என்னுடைய வலது கால் சிலிப்பர். சொட்டுச் சொட்டாக நெருப்பாய் உருகி, கரும்புகை கக்கிக்கொண்டு அது எரிந்த நாற்றத்தில் தெருவே விழித்துக்கொண்டது. ஆசிரியர் தீவிபத்தென்று எண்ணி வாளியோடு ஓடிவந்தார். வந்த வாளியை அத்தை வாங்கி வெந்நீர் நிரப்பித் திருப்பிக் கொடுத்தனுப்பினாள். அவர் வீட்டு ஹீட்டர் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. ஆயினும் மரியாதையை உத்தேசித்து அந்தத் தண்ணீரிலேயே குளித்தார் என்று கேள்வி.

புகை வாசனையும் சீயக்காயும் நல்லெண்ணெயும் சேர்ந்த அந்த வெந்நீருக்கு ஒரு குணம் உண்டு: அது அளவுக்கு உட்பட்டது. ஆளுக்கு இத்தனை குவளை என்று அத்தை வாசலில் நின்று கணக்குச் சொன்னாள். ஹீட்டரின் கீழே அரைமணி நேரம் நின்று பாடுகிற என் மகன் அன்று ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்து, புதுச்சட்டையும் போட்டுக்கொண்டு நின்றதைக் கண்டு என் மனைவி ஹீட்டரைப் பழுதுபார்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வயர்மேன் சொன்ன நாளில் சொன்னபடியே வந்தார். மூடியைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீர் நுழைகிற இடத்தில் குழாயைத் திருகி எடுத்து, கட்டைவிரல் நகமளவு வலைச்சல்லடை ஒன்றை உள்ளங்கையில் தட்டினார். செம்மண் வண்டலும் நாலைந்து மணலும் விழுந்தன. ஓட்டம் குறைந்தால், உள்ளே கம்பி சூடாகத் தொடங்குவதற்கு அனுமதி கொடுக்கிற விசை மூடுவதில்லை. விளக்குக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அது பாட்டுக்கு எரியும். கழுவி மாட்டினார், வெந்நீர் வந்தது, 50 வெள்ளி கேட்டார்.

போகிற போக்கில் போர்ச்சில் கவிழ்த்திருந்த டின்னைக் கண்டு நின்றுவிட்டார். அவருடைய தாயார் வருஷாவருஷம் பாச்சாங் என்கிற இலைப்பொட்டலச் சோறு வேகவைப்பதற்கு இந்த மாதிரி டின் தேடிக்கொண்டிருக்கிறாராம். இப்போது கடையில் கிடைப்பதெல்லாம் மெல்லிய தகரமாம். இதைக் கொடுத்தால் 50 வெள்ளியும் வேண்டாம் என்றார். நான் அத்தையைப் பார்த்தேன்.

"காசைக் குடுத்து அனுப்புடா" என்றாள் அத்தை.